சாகாவரத்தில் ஆடிய ஆட்டம்

காபி வேண்டாம் ஐயா, நீங்கள் உட்காருங்கள். எனக்காகத் தறியை நிறுத்த வேண்டாம் என்றேன், நிறுத்திவிட்டீர்கள். ராத்திரி முழுக்க பஸ். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. ராஜபாளையத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, சத்திரப்பட்டியில் வந்து 'பேண்டேஜ் துணி நெய்கிற சங்கரலிங்கம் வீடு எது' என்று கேட்டால், இங்கே தெருவுக்குத் தெரு பேண்டேஜ் துணிதான் நெய்கிறார்கள். மூன்று சங்கரலிங்கத்தைப் பார்த்துவிட்டு நாலாவதாக உங்களிடம் வந்திருக்கிறேன். கடைசியில் ஒரு அம்மாதான் கை காட்டினார். "கம்ப்யூட்டர் வேல போயி வீட்டுக்கு வந்திருக்கே, அந்தப் புள்ளையா?" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

என் பெயர் உமாபதி. கோமதி சொல்லியிருப்பாள். அவள் இருந்த குழுவுக்கு நான்தான் லீட். அவளைப் பார்க்கத்தான் வந்தேன். அவள் வருவதற்குள் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் இனிமேல் கேட்க மாட்டாள்.

பையில் ஒரு கடிதம் இருக்கிறது. ஒரே பக்கம். அவள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபீசில் விசாரணை. அந்தக் கடிதம் என் கையில் இருந்தால் நான் பிழைப்பேன். இல்லையென்றால் எனக்கு வேலை போய்விடும். அவ்வளவுதான். மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் வேலை என்னவென்று அவள் சொன்னாளா? 'விளையாடுறதுக்கா சம்பளம் குடுக்கான்' என்று நீங்கள் சிரித்ததாக ஒரு தடவை சொன்னாள். விளையாட்டுதான். ஆனால் வேலை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் டிவியில் ஒரு பெட்டியை மாட்டி ஆடிய திகில் விளையாட்டுகள் இருந்தன. பாழடைந்த வீடு, எழுந்து நடக்கும் பிணம், இருட்டு வராந்தா. அன்றைக்கு அதை ஆடிய பையன்களுக்கெல்லாம் இன்றைக்கு நாற்பது வயது. அந்த விளையாட்டையே கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி மாற்றி, படத்தைத் துலக்கி, மறுபடி வெளியிடுகிறார்கள். மாற்றுவது வெளிநாட்டுக் கம்பெனி. ஒழுங்காக மாறியிருக்கிறதா என்று ஆடிப் பார்த்துச் சொல்வது பெருங்குடியில் இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் நாங்கள். பன்னிரண்டு பேர். பகலிலும் திரைச்சீலையை இழுத்து விட்டிருப்போம்.

போன மாசி மாதம் வந்த விளையாட்டுக்குப் பெயர் 'பனிமலை விடுதி'. ஒரு நர்ஸ். காணாமல் போன தங்கையைத் தேடி மலைமேல் ஒரு விடுதிக்கு வருகிறாள். துப்பாக்கி இருக்கும், குண்டு இருக்காது. சண்டை போட முடியாது, ஓட வேண்டும், ஒளிய வேண்டும், அடிக்கடி சாக வேண்டும். அதுதான் அந்த வகையின் ருசியாம். காயம் பட்டால் கட்டிக்கொள்ள ஒரு சுருள் துணி கிடைக்கும். கோமதி முதல் நாளே அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது எங்க ஊர்த் துணி சார், இழையப் பார்த்தாலே தெரியுது, எங்கப்பா ஏமாந்த விலைக்கு வித்திருப்பாரு" என்றாள். அறையே சிரித்தது. நல்ல பெண்தான். இல்லையென்று நான் சொல்லவில்லை.

இன்னொன்று மட்டும் சொன்னால் உங்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். அந்த விடுதியில் அங்கங்கே சுவர்க் கடிகாரம் நின்றுபோய் இருக்கும். அதற்குச் சாவி கொடுத்தால், அதுவரை ஆடியது பதிவாகிவிடும். பிறகு செத்தால் கடைசியாகச் சாவி கொடுத்த இடத்திலிருந்து தொடரலாம். எட்டு மணி நேர விளையாட்டு. அந்தப் பதிவு இல்லையென்றால் எவனாலும் ஆடி முடிக்க முடியாது.

இந்த எட்டு மணி நேரத்தை நாங்கள் அப்படியே ஆட முடியாது ஐயா. தினமும் காலையில் புதுப் பிரதி ஒன்று வந்து விழும். சாயங்காலத்துக்குள் முழுக்கப் பார்த்தாக வேண்டும். அதற்காகச் சோதிக்கிறவர்களுக்கு மட்டும் உள்ளே ஒரு ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். அதைப் போட்டுவிட்டால் பிணம் கடிக்கும், நர்சுக்கு ஒன்றும் ஆகாது. நடந்துகொண்டே இருக்கலாம். எட்டு மணி நேரம் இரண்டரை மணி நேரமாகிவிடும். எங்கள் அறையில் அதற்குச் சாகாவரம் என்று பெயர். சுருக்கமாக வரம். "வரம் போட்டாச்சா?" "போட்டாச்சு." அப்படித்தான் காலை வணக்கமே.

கடைசிச் சுற்றில் வரத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை ஆட வேண்டும் என்று விதி இருக்கிறது. இருக்கிறது. எல்லா ஆபீசிலும் விதி இருக்கிறது.

நான் அந்த விளையாட்டை அறுபத்திரண்டு தடவை முடித்தேன். என்னை மாதிரி வேகம் அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் கிடையாது. ஒலியை அணைத்துவிட்டு ஆடுவேன். பயமெல்லாம் இல்லை. எனக்குத் தலைவலி வரும். மாடிப்படிக்குக் கீழே ஒரு பெண் முனகுகிற சத்தம் இருக்கிறது, அது வந்தால் தலைவலி வரும். மேலும், ஒலியைப் பார்க்க வேறு ஆள் இருக்கிறான்.

உங்கள் மகள் நேர்மாறு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வரம் போடாமல் ஆடுவாள். கத்துவாள். நாற்காலியோடு பின்னால் போவாள். பக்கத்து இருக்கை ஜெரால்டு சாப்பாட்டு நேரத்தில் கேட்பான். "கோமதி, இன்னிக்கு எத்தன தடவ செத்த?"

"காலைல இருந்து பதினேழு."

"சாயங்காலம் பால் ஊத்திரலாமா?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம், நானே எந்திரிச்சு வந்துருவேன்."

இப்படிப் போகும். வேலை போகாது. நான் மூன்று சுற்று முடிக்கிற நாளில் அவள் பாதிச் சுற்றுகூட முடித்திருக்க மாட்டாள். அரையாண்டு மதிப்பீட்டில் 'வேகம் போதாது' என்று எழுதினேன். உண்மையைத்தானே எழுத வேண்டும்?

பங்குனியில் ஒரு நாள் புகார்ப் பட்டியலில் அவள் ஒரு வரி போட்டாள். 'செத்தபின் தொடர் என்று அழுத்தினால் விளையாட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. பழைய பதிவுகள் எல்லாம் அழிந்துவிடுகின்றன.' புகார் வந்தால் லீட் தன் கணினியில் அதைச் செய்து பார்க்க வேண்டும். பார்த்தேன். பிணத்துக்கு முன்னால் போய் நின்றேன். கடித்தது. கடித்துக்கொண்டே இருந்தது. நான் சாகவில்லை. எப்படிச் சாவேன்? ஆகவே சி.என்.ஆர். என்று போட்டு மூடினேன். எங்கள் பாஷையில் அந்த மூன்றெழுத்துக்கு, சொன்ன தவறு என்னிடம் நடக்கவில்லை என்று அர்த்தம். என்னிடம் நடக்கவில்லை. அதில் ஏதாவது பொய் இருக்கிறதா?

என்ன கேட்கிறீர்கள்? வரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேனா என்றா? நீங்களும் அவளை மாதிரியே கேட்கிறீர்கள். அன்றைக்கு முப்பத்தெட்டு புகார் ஐயா. ஒவ்வொன்றுக்கும் எடுத்து, போட்டு, எடுத்து, போட்டு... எடுத்தால் அதுவரை போன இடம் போய்விடும், முதலிலிருந்து நடக்க வேண்டும்.

நாலு நாள் கழித்து அதே புகாரை மறுபடி போட்டாள். நான் மறுபடி மூடினேன். அதற்கடுத்த வாரம் மூன்றாவது தடவையும் போட்டுவிட்டு என் மேசைக்கே வந்துவிட்டாள். "சார், ஒரே ஒரு தடவ என் சீட்ல வந்து செத்துப் பாருங்க சார்" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ஜெரால்டு மேசையைத் தட்டிச் சிரித்தான். எனக்கு வயது நாற்பத்திநாலு. அவளுக்கு இருபத்திநாலு. பன்னிரண்டு பேர் முன்னால் ஒரு லீடைப் பார்த்து வந்து செத்துப் பாருங்கள் என்றால் எப்படி இருக்கும்?

"நீ ஆடத் தெரியாம ஆடுற கோமதி. ஒழுங்கா ஆடினா சாக மாட்ட" என்றேன்.

"சார், இந்த விளையாட்டுல எல்லாரும் சாவாங்க சார்."

"நான் அறுபது தடவ முடிச்சிருக்கேன். ஒரு தடவகூட சாகல."

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வெளியீட்டுக்கு ஆறு நாள்தான் இருந்தது. திறந்த புகார் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று மேனேஜர் நவநீதன் காலையும் மாலையும் வந்து நிற்கிறார். "நீயே போட்ட புகார், நீயே மூடிடு. பேச்ச வளர்க்காத" என்றேன். மூடினாள். அவள் பெயரில், அவள் கையால். நானா அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்?

கடைசிப் படிவத்தில் 'வரம் இன்றி முழுச் சுற்று ஆடி முடிக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்டேன். அது எல்லா லீடும் போடுவது.

சித்திரையில் வெளிவந்தது. வெளிவந்த அன்றைக்கே உலகம் முழுக்க ஆடினார்கள். ஆடினார்கள், செத்தார்கள். செத்தவர்களுக்கெல்லாம் எல்லாம் அழிந்தது. யாரோ ஒருவன் எழுதியிருந்தான். சின்ன வயதில் அண்ணனோடு ஆடியதாம், அண்ணன் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம், படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து ஏழு மணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறி ஆடினார்களாம், கடைசி அறையில் போய்விட்டதாம். 'இதை வெளியிடும் முன் ஒரு மனிதன்கூட இதற்குள் சாகவில்லையா?' என்று கேட்டிருந்தான். நவநீதன் அதை அச்செடுத்து என் மேசையில் வைத்தார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை ஐயா. எனக்கும் மனசு இருக்கிறது.

பிறகு அவர் பட்டியலைத் திறந்தார். புகார் இருக்கிறது. மூடப்பட்டிருக்கிறது. "கடைசியா யார் மூடினது?" என்றார். திரையில் கோமதி என்று இருந்தது. அவர்தான் படித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள்தான் என்று என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நான் பேசாமல் இருந்தேன். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஹெட்போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "இது கம்பெனியோடது சார்" என்றாள். திட்டவில்லை, அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து பெருங்குடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண்மணி, ஒரு ஆள். பட்டியலை முதலிலிருந்து தோண்டினார்கள். மூன்றாவது தடவை கோமதி, சரி. முதல் இரண்டு தடவை மூடியது யார்? அங்கே என் பெயர் இருக்கிறது. 'ஏன் மூடினீர்கள், மூன்றாவது தடவை அவர் ஏன் தானாக மூடினார், இரண்டு பேரையும் கேட்க வேண்டும்' என்கிறார்கள். எனக்கு நாளைக்குப் பதினோரு மணி என்று கடிதம் வந்துவிட்டது.

நீங்கள் ஒன்று யோசிக்க வேண்டும் ஐயா. தயவுசெய்து யோசிக்க வேண்டும். அவளுக்கு வேலை ஏற்கெனவே போய்விட்டது. இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் இன்னொரு தடவை போகப்போவதில்லை. வயது இருபத்திநாலு, நாளைக்கே வேறு இடத்தில் சேரலாம். எனக்கு? இந்தத் தொழிலில் நாற்பத்திநாலு வயதில் வெளியே வந்தவனை யாரும் உள்ளே விட மாட்டார்கள். ஒரு மாதமாக விண்ணப்பம் அனுப்புகிறேன். பத்தொன்பது இடம். ஒருவன், ஒரே ஒருவன், 'விண்ணப்பம் கிடைத்தது' என்று பதில் போட்டான். அதுவும் தானாகப் போகிற பதில். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் ஆபீஸ் வேலையாக மதுரை என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மனைவி இட்லி கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட என்னால் முடியவில்லை. விடிகாலையில் சாத்தூர் தாண்டும்போது, இந்த பஸ் ஊருக்கே போய்ச் சேராமல் ஓடிக்கொண்டே இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. உங்களிடம் சொல்வதற்கென்ன.

கடிதத்தைப் படிக்கிறேன், கேளுங்கள். 'மேற்படி புகாரை நான் முழுமையாகச் சோதிக்காமல் பதிந்தேன். பின்னர் என் தவறை உணர்ந்து, யாருடைய கட்டாயமும் இன்றி, என் குழுத் தலைவரைக் கலந்தாலோசிக்காமல் நானே மூடினேன்.' அவ்வளவுதான். திட்டுகிற மாதிரி ஒரு வார்த்தை இருக்கிறதா? நாலு தடவை மாற்றி எழுதினேன், அவள் மனசு புண்படக் கூடாது என்று.

மறுபடியும் அதையே கேட்கிறீர்கள். சரி, பதில் சொல்கிறேன். வெளிவந்த பிறகாவது வரத்தை எடுத்துவிட்டு ஆடிப் பார்த்தேனா? பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாக ஆபீசுக்குப் போனேன். வரத்தை எடுத்தேன். ஒலியை வைத்தேன். மாடிப்படிக்குக் கீழே அந்த முனகல் கேட்டது. நான் ஓட வேண்டும், ஓடத் தெரியவில்லை ஐயா. அறுபத்திரண்டு தடவை நடந்த இடம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம் இருக்குமா? செத்தேன். திரை சிவப்பாகிவிட்டது. 'தொடர்' என்று கேட்டது.

நான் அழுத்தவில்லை. கணினியையே அணைத்துவிட்டேன். ஆக, அந்தத் தவறை இந்த நிமிஷம் வரை என் கண்ணால் நான் பார்க்கவில்லை. அது சத்தியம். விசாரணையிலும் அதைத்தான் சொல்லப்போகிறேன். 'நான் பார்க்கவில்லை.' பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மணி என்ன? பன்னிரண்டாகப் போகிறதா? கோமதி எங்கே போயிருக்கிறாள், கடைக்கா? சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால்தான் நான் நாளைக் காலை அங்கே இருக்க முடியும். வேண்டுமானால் நானே போய்ப் பார்க்கிறேன். எந்தத் தெரு?

உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கள். ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை. கோமதியா? நல்லதாகப் போயிற்று. நான் வந்திருப்பதை மட்டும் இப்போது சொல்லாதீர்கள், நேரில் பேசிக்கொள்கிறேன்.

என்ன சொல்கிறாள்? எங்கே இருக்கிறேன் என்கிறாள்?

பெருங்குடியிலா?

ஐயா. ஐயா, ஒரு நிமிஷம். அவள் ஊரிலேயே இல்லையா? நேற்று சாயங்கால ரயிலிலேயே ஏறிவிட்டாளா? எனக்கு விசாரணை நாளைக்கு, அவளுக்கு இன்றைக்கா? நான் ராத்திரி முழுக்க இங்கே வர, அவள் அங்கே போய்க்கொண்டிருந்தாளா? காலையில் ஒன்பது மணிக்கு வாசலில் நின்று கோமதியைப் பார்க்க வந்தேன் என்றேனே. 'உக்காருங்க, என்ன விஷயம்' என்றீர்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? தறியை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டீர்களே, எதற்கு?

எல்லாவற்றையும் நான் என் வாயாலேயே சொல்லிக் கேட்க வேண்டும் என்றா?

இருங்கள், இருங்கள், அவள் பேசுகிறாள். விசாரணை முடிந்துவிட்டதாம். வெளியே வராந்தாவில் நிற்கிறாளாம். 'மூடினது நான்தான்னு ஒத்துக்கிட்டேன்பா' என்கிறாள். கேட்டீர்களா? ஒத்துக்கொண்டாளாம்! 'யாரு மூடச் சொன்னதுன்னு கேட்டாங்க. அவரே வந்து சொல்லுவாருன்னு சொல்லிட்டேன்பா.' பெயரைச் சொல்லவில்லை! ஐயா, பெயரைச் சொல்லவே இல்லை! தங்கமான பெண். நான் அப்போதே சொன்னேன் இல்லையா? இந்தக் கடிதமே தேவையில்லை. இதோ, கிழித்துவிடுகிறேன். நாளைக்கு நான் போய்...

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அவளுக்குக் கேட்டுவிட்டதா? என் குரல் தெரிந்துவிட்டதா? இல்லை என்று சொல்லுங்கள். யாரோ துணி வாங்க வந்தவர் என்று சொல்லுங்கள் ஐயா. கும்பிடுகிறேன். போனை என்னிடம் நீட்டாதீர்கள், வேண்டாம்...

ஹலோ. நான்தாம்மா, உமாபதி. இல்லைம்மா, சும்மா இந்தப் பக்கம் ஒரு கல்யாணம். அப்படியே அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. நன்றாக இருக்கிறாயா? சாப்பிட்டாயா?

யார், விசாரிக்க வந்த அந்த இரண்டு பேருமா உட்கார்ந்திருக்கிறார்கள்? இன்னும் உள்ளேயேவா? போனை அப்படியே உள்ளே கொண்டுபோகிறாயா? எதற்கு? இப்போதே சொல்லவா? என்ன சொல்ல? கோமதி, கதவைத் திறக்காதே. கோமதி.

ஹலோ. ஹலோ. கேட்கவில்லையே. இங்கே கேட்கவில்லை. ஐயா, அந்த வெளிநாட்டுக் கம்பெனி அம்மா ஏதோ பேசுகிறார்களா? உங்களுக்குக் கேட்கிறதா? எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.